மணலா, மண்வீடா? மொராக்கோவின் தென்பகுதிக்கு மூன்று வழிகள்

மராக்கேஷ் நகரின் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் எந்த டிராவல்ஸ் கடையில் ஏறி "பாலைவனம்" என்று சொன்னாலும், முதலில் எடுத்து நீட்டுவது மூன்று நாள் மெர்ஸூகா பயணத்தைத்தான். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மராக்கேஷிலிருந்து மெர்ஸூகா ஏறத்தாழ 560 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் போவதற்கு மட்டும் 9, 10 மணி நேரம் ஆகும். போக வர 1,100 கிலோமீட்டரை மூன்று நாளில் முடிக்க வேண்டுமானால் பகல் பொழுதில் பாதிக்கு மேல் வேனுக்குள் கழியும். வழியில் உள்ள பேரீச்சந்தோப்புகளும் மண்கோட்டை ஊர்களும் படம் எடுக்கும் நிறுத்தங்களாகச் சுருங்கிவிடும். உயரமான மணல்மேட்டில் ஒரு மாலை, ஒட்டகத்தின் மேல் ஒரு மணி நேரம், அதுவே போதும் என்பவருக்கு இது மோசமான பேரமில்லை. பழைய மண்வீட்டு ஊர்களையும் தோப்பு வாழ்க்கையையும் பார்க்கப் போகிறவருக்கு இது தவறான சரக்கு.

அதே கடையில் இரண்டு நாள் ஸாகோரா பயணமும் விற்பார்கள். ஏமாற்றம் அதிகம் நடப்பது இதில்தான். ஸாகோரா நகரை ஒட்டி உயரமான மணல்மேடு எதுவும் கிடையாது. கல்லும் கட்டாந்தரையும், நடுவே ஆள் உயர மணல் குவியல்களும்தான். விளம்பரப் படத்தில் இருக்கும் ஆரஞ்சு மலை 300 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது.

ஆக, உண்மையான தேர்வு மூன்று வழிகளுக்கு இடையில். தெற்கே இறங்கும் த்ரா பள்ளத்தாக்கு, கிழக்கே ஸீஸ் ஆற்றை ஒட்டிய தாஃபிலால்த், இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஓடும் தாதெஸ், தோத்ரா வழி. மூன்றிலும் மண்கோட்டையும் தோப்பும் உண்டு. ஆனால் ஊர் அமைந்த விதமும் தண்ணீர் வரும் விதமும் ஒன்றுக்கொன்று வேறு. எத்தனை நாள் வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

முதலில் மண்

இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். க்ஸார் என்பது மதில் சூழ்ந்த ஊர். ஒரே வாசல், உள்ளே சந்துகள், பல குடும்பங்கள், பொதுக் கிணறு, பள்ளிவாசல். காஸ்பா என்பது ஒரு தலைவரின் அல்லது ஒரு குடும்பத்தின் கோட்டை வீடு. நான்கு மூலையிலும் கோபுரம் இருந்தால் பெரும்பாலும் அது காஸ்பா. புகழ்பெற்ற ஐத் பென்ஹத்தூ ஒரு க்ஸார். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கட்டுமானம் இரண்டு வகை. கீழ்ச்சுவர் இடிமண். எதிரெதிராகப் பலகைச் சட்டம் நிறுத்தி, ஈரப்பதமான மண்ணைக் கொட்டி, திமிசால் இடித்து இறுக்கி, ஒரு வரி முடிந்ததும் சட்டத்தை நகர்த்தி அடுத்த வரி போடுவார்கள். சுவரில் வரிசையாகத் தெரியும் துளைகள் அந்தச் சட்டத்தைத் தாங்கிய குறுக்குக் கட்டைகள் இருந்த இடம். புறாவுக்காக விட்டவை என்று சில வழிகாட்டிகள் கதை சொல்வார்கள், நம்ப வேண்டாம். மேல்மாடியும் கோபுரத்தின் பூவேலையும் வைக்கோல் கலந்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல். கூரைக்குப் பேரீச்சை உத்திரம், அதன் மேல் நாணல் வரிச்சு, அதற்கும் மேல் மண். பேரீச்சை மரம் இரண்டரை, மூன்று மீட்டருக்கு மேல் பாரம் தாங்காது. அறைகள் எல்லாம் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த வீடுகள் விழுவது பெரும்பாலும் மேலிருந்து. கைப்பிடிச் சுவரின் தலைப்பூச்சு விட்டதும் மழைநீர் அங்கே வாய்க்கால் வெட்டி இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பிக்க ஆள் இருந்தால் வீடு நிற்கும். குடும்பம் பக்கத்திலேயே சிமென்ட் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டால், சில மழைக்காலத்தில் கூரை உள்ளே இறங்கிவிடும். அடிப்பக்கத்தில் இன்னொரு நோய்: நிலத்தின் உப்புநீர் சுவரில் ஏறி, காய்ந்து, பொரிந்து, முழங்கால் உயரத்தில் சுவரைக் கரைத்து உள்வாங்கும். அதை மறைக்க மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே இருக்கும் மண் சேறாகிறது. வெளியே பளபளவென்று இருக்கும் காஸ்பாவைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வந்தால் பூச்சு ஒருபக்கம், சுவர் ஒருபக்கம் என்று பிரிந்துவிட்டது என்று பொருள்.

பயணிக்கு இதில் மூன்று பாடம். ஆளில்லாத வீட்டின் மாடியில் ஏறினால் நடுவில் மிதிக்காமல் சுவரோரமாக நடக்கவும், ஏனென்றால் பாரத்தில் உத்திரம் முறிவது பெரும்பாலும் நடுவில்தான். மழை பெய்த பிறகு இரண்டு மூன்று நாளாவது பாழ்வீடுகளுக்குள் நுழையாதீர்கள், நனைந்த சுவர் காயும்போதும் விழும். 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்துக்குப் பின் ஹை அட்லஸ் மலையை ஒட்டிய மண்கட்டடங்கள் பலவற்றில் விரிசல் உண்டு. கயிறு கட்டித் தடுத்திருந்தால் தாண்ட வேண்டாம்.

த்ரா: ஆற்றின் மறுகரையில் இருக்கிறது ஊர்

மண்வீடுதான் நோக்கம் என்றால் முதல் பரிந்துரை இது. மராக்கேஷிலிருந்து 2,260 மீட்டர் உயரத்திலுள்ள திஸி ன் திஷ்கா கணவாய் ஏறி இறங்கினால் வர்ஸாஸாத், ஏறத்தாழ 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு கணவாய் தாண்டி 70 கிலோமீட்டரில் அக்த்ஸ். அக்த்ஸிலிருந்து ஸாகோரா வரை உள்ள 95 கிலோமீட்டர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். இடதுபக்கம் முழுவதும் பேரீச்சந்தோப்பு, அதன் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக மண்கோட்டை ஊர்கள்.

இங்கே பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தார்ச்சாலை ஆற்றின் வலக்கரையில் போகிறது. பழைய ஊர்களில் பல இடக்கரையில், தோப்புக்கு அந்தப்புறம். சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனால் தொலைவில் ஒரு மண்ணிறக் கோடு தெரியும், அவ்வளவுதான். பள்ளத்தாக்கைப் பார்த்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், ஒரு க்ஸாருக்குள்ளும் கால் வைத்திருக்க மாட்டீர்கள். அக்த்ஸ் தாண்டியதும் சில கிலோமீட்டரில் தம்னூகால்த் செல்லும் கிளைச்சாலை வரும். மெஸ்கீத்தா பகுதியின் பழைய தலைமையூர் அது. உள்ளே கூரை மூடிய சந்துகள் நண்பகலிலும் இருட்டாக இருக்கும், கைவிளக்கு வேண்டும். இங்கிருந்து இடக்கரையில் தெற்கே மண்பாதை போகிறது. வறண்ட நாளில் தரை உயரமான கார் போதும், சிறிய கார் என்றால் முதலில் உள்ளூரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆற்றில் நீர் திறந்திருந்தால் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும்.

நீர் "திறப்பது" என்பதை விளக்க வேண்டும். 1972இல் வர்ஸாஸாத் அருகே அல் மன்ஸூர் அத்தஹபி அணை கட்டப்பட்ட பிறகு, த்ரா ஆறு இயற்கையாக ஓடுவது நின்று, அணையிலிருந்து தவணையாக விடும் நீரில்தான் தோப்புகள் பிழைக்கின்றன. அக்த்ஸ் பக்கத்துத் தோப்புக்கு முதல் வாய், கடைசியில் இருக்கும் ம்ஹாமித்துக்கு எச்சம். கடைமடை என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மேல்தோப்பில் பேரீச்சைக்குக் கீழே மாதுளை, அத்தி, அதற்குக் கீழே வாற்கோதுமை, குதிரைமசால் என்று மூன்றடுக்கு விவசாயம் இன்னும் நடக்கிறது. தெற்கே போகப் போக ஒவ்வோர் அடுக்காகக் கழன்று, ம்ஹாமித்தை அடையும்போது மணல் ஏறிய மொட்டை மரங்கள். பச்சையான தோப்பு பார்க்க வேண்டியவர் அக்த்ஸைச் சுற்றியே இரண்டு இரவு தங்குவது நல்லது.

தோப்பில் வட்டமாக ஒரு பகுதி மட்டும் பட்டுப்போயிருப்பதைக் கண்டால், அது வறட்சி மட்டுமாக இருக்காது. பயூத் என்ற பூஞ்சை நோய், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தப் பள்ளத்தாக்கைத் தின்றுவருகிறது. வேரிலிருந்து வேருக்கு மண் வழியாகப் பரவுவதால் ஒரு மரத்திலிருந்து வட்டமாக விரியும். ஒரு பக்க ஓலை மட்டும் சாம்பல் வெள்ளையாக வெளுப்பது முதல் அடையாளம். மருந்து இல்லை. இங்கிருந்து பேரீச்சங்கன்றோ ஓலை முடைந்த பொருளோ வேறு நாட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப்போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஸாகோரா ஊர் சாதாரண அலுவலக நகரம். சந்தை நாளான புதன், ஞாயிறு தவிர அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. குழாய்நீர் உப்புக் கரிக்கும், தேநீர்கூட அங்கே சுவை மாறிவிடும். ஊரின் தென்கோடியில் அம்ஸ்ரூ என்ற பகுதியில் யூதர்கள் வாழ்ந்த பழைய மண்கோட்டைத் தெரு இருக்கிறது. வெள்ளி வேலை இன்றும் அங்கே நடக்கிறது. 20 கிலோமீட்டர் தெற்கே தாமக்ரூத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்த நாசிரிய்யா சூஃபி மடத்தின் நூலகத்தில் கைப்பிரதிகள் இருக்கின்றன, சில மான்தோலில் எழுதப்பட்டவை. அதற்குப் பின்புறம், தெருக்கள் முழுவதும் வீடுகளுக்கு அடியில் ஓடும் மூடிய ஊர். பச்சைநிறக் கலம் செய்யும் குயவர்கள் பக்கத்திலேயே. செம்பு கலந்த மெருகு அந்தப் பச்சையைத் தருகிறது, சூளைச்சூடு சீராக இல்லாததால் இரண்டு கிண்ணம் ஒரே நிறத்தில் வராது. பழைய மெருகில் ஈயம் சேர்வதுண்டு. அழகுக்கு வாங்குங்கள், புளிக்குழம்பு ஊற்ற வேண்டாம்.

மணலும் வேண்டும் என்றால், த்ரா வழியில் அது உண்டு, ஆனால் விலை கேட்கும். ஸாகோராவிலிருந்து ம்ஹாமித் 97 கிலோமீட்டர். அங்கே தார்ச்சாலை முடிகிறது. எர்க் ஷகாகா மணல்மேடுகள் மேற்கே இன்னும் 55, 60 கிலோமீட்டர், நான்கு சக்கர இழுவை வண்டியில் இரண்டு மணி நேரம். வண்டியும் ஓட்டுநரும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நால்வராகப் போனால் செலவு தாங்கும், தனியாகப் போனால் கடிக்கும். திரும்பி வராமல் இரிக்கி ஏரிப் படுகை வழியாக ஃபூம் ஸ்கித் நகருக்குக் கடந்துவிடுவது அழகான வழி. பல்லாண்டாக வறண்டு கிடந்த இரிக்கி 2024 செப்டம்பர் மழையில் நிரம்பியது. மழை ஆண்டில் அந்தப் பாதை வளைந்து நீளும் என்பதை முன்கூட்டியே கேட்டு, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாள்கணக்கு: ஐத் பென்ஹத்தூ 1 இரவு, அக்த்ஸ் 2, ஸாகோரா அல்லது தாமக்ரூத் 1, ஷகாகா 1, திரும்பும் வழியில் வர்ஸாஸாத் 1. ஆறு இரவு. ஐந்தாகக் குறைக்க வேண்டுமானால் ஷகாகாவை வெட்டுங்கள், அக்த்ஸை வெட்டாதீர்கள்.

ஸீஸ்: மணல் வாசலிலேயே இருக்கிறது

மெர்ஸூகாவின் எர்க் ஷெப்பி மணல்மேடுகள் 150 மீட்டர் வரை எழும்புகின்றன, தார்ச்சாலை அவற்றின் காலடி வரை போகிறது. எந்தக் காரிலும் போகலாம், இறங்கி ஐந்து நிமிடத்தில் மணலில் கால் வைக்கலாம். முதியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் இந்த ஒரு வசதிக்காகவே ஸீஸைத் தேர்ந்தெடுப்பது சரி. அதே வசதியால் கூட்டமும் மணலில் ஓட்டும் நான்கு சக்கர பைக்குகளின் இரைச்சலும் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

மெர்ஸூகா ஊரில் பழைய மண்வீட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2006இல் திடீர் வெள்ளம் வந்து மண்வீடுகளைக் கரைத்துக்கொண்டு போனது. பிறகு எழுந்தவை பெரும்பாலும் கான்கிரீட் சட்டத்தின் மேல் மண்பூச்சு. இந்தப் பக்கத்தின் மண் செல்வம் 35 கிலோமீட்டர் வடக்கே ரிஸ்ஸானியில் இருக்கிறது. 757இல் நிறுவப்பட்ட சிஜில்மாஸா என்ற வணிக நகரம் இங்கேதான் இருந்தது. சஹாராவைக் கடந்து தங்கமும் உப்பும் கைமாறிய முனை. இப்னு பதூதா 1352இல் மாலி நாட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். இன்று மிஞ்சியிருப்பது இடிந்த மண்சுவர்களும் ஒரு வாயிலும். வரலாறு தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். அதைவிட, ரிஸ்ஸானியைச் சுற்றி 20 கிலோமீட்டர் அளவில் ஒரு வட்டச்சாலை இருக்கிறது. இன்று மொராக்கோவை ஆளும் அலவி அரசமரபின் மூதாதை மௌலாய் அலி ஷரீஃபின் அடக்கத்தலம், மக்கள் இன்னும் வாழும் க்ஸார்கள், பாதி விழுந்த ஆளுநர் மாளிகை எல்லாம் அதில் வரும். சைக்கிளில் அரை நாள். சந்தை ஞாயிறு, செவ்வாய், வியாழன். கழுதைகளை நிறுத்துவதற்கென்றே தனி மைதானம் உண்டு. இந்த மூன்று நாளில் ஒன்று அமையுமாறு பயணத்தைக் கட்டுங்கள், மற்ற நாளில் ரிஸ்ஸானி தூங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர்க் கதை இங்கே வேறு. எர்ஃபூத்திலிருந்து தின்ஜ்தாத் போகும் சாலையில், ஜோர்ஃப் அருகே, எறும்புப் புற்றைப் பெரிதாக்கியதுபோல் மண்மேடுகள் நேர்கோட்டில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒவ்வொரு மேடும் ஒரு கிணற்றுவாய். கீழே கத்தாரா என்ற சுரங்க வாய்க்கால். மலையடிவாரத்து நிலத்தடி நீரை, பம்பு எதுவுமின்றி, மிக மெல்லிய சரிவில் பூமிக்கு அடியிலேயே தோப்புக்குக் கொண்டுவருவது. தூர்வாருவதற்கும் காற்றுக்கும்தான் அந்தக் கிணறுகள். டீசல் பம்புகள் நீர்மட்டத்தை இறக்கியதும் பல கத்தாராக்கள் வறண்டுவிட்டன. சிலவற்றைப் பயணிகளுக்காகப் படிக்கட்டு அமைத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். மற்றவற்றின் விளிம்பில் நிற்காதீர்கள். வெட்டிப் போட்ட தளர்ந்த மண் அது, காலடியில் சரியும்.

மஜ்ஹூல் பேரீச்சம்பழத்தின் தாய்வீடும் இந்தப் பக்கந்தான். 1927இல் எர்ராஷிதியாவுக்குக் கிழக்கே பூதனிப் தோப்பிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 11 கன்றுகளில் பிழைத்த ஒன்பதிலிருந்துதான் கலிஃபோர்னியாவின் மஜ்ஹூல் தோட்டங்கள் பெருகின. அறுவடை செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை. அக்டோபரில் போனால் எர்ஃபூத், ரிஸ்ஸானி சந்தைகளில் புதுப்பழம் குவிந்திருக்கும். வெல்லப்பாகு பூசியதுபோல் மினுங்கும் பெட்டிப்பழத்தைவிட, தோல் லேசாகச் சுருங்கிய பழத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஸீஸுக்கு வசதியான நுழைவு மராக்கேஷ் அல்ல, ஃபெஸ். அங்கிருந்து அஸ்ரூவின் தேவதாரு காடு, மிதெல்த், ஸீஸ் மலைப்பிளவு, எர்ராஷிதியா வழியாக மெர்ஸூகா 470 கிலோமீட்டர். எர்ராஷிதியாவைத் தாண்டி அவ்ஃபூஸ் வருவதற்கு முன், சாலை மேட்டுநிலத்தின் விளிம்பில் வந்து நிற்கும். கீழே பள்ளம் முழுதும் ஒரே பச்சை ஆறாகத் தோப்பு. காலை வெயிலில் பார்க்கவும். இரவுப் பேருந்தில் போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

தாதெஸ், தோத்ரா: கடந்துபோகும் வழி

வர்ஸாஸாத்தையும் எர்ராஷிதியாவையும் இணைக்கும் சாலை. தனியாக இதற்கென்று போவதைவிட, ஃபெஸ்ஸில் தொடங்கி மராக்கேஷில் முடிப்பவர் இடையில் இரண்டு இரவு தங்கிக்கொள்ளலாம். ஒன்று ஸ்கூராவில், வர்ஸாஸாத்துக்கு 40 கிலோமீட்டர் கிழக்கே. இங்கே மதில் சூழ்ந்த ஊர் கிடையாது. தோப்புக்குள் ஆங்காங்கே தனித்தனியாகக் காஸ்பாக்கள். அம்ரிதில் காஸ்பாவில் எண்ணெய்ச்செக்கு, திரிகை, கழுதை கட்டும் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மண்வீட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடசாலை இல்லை. மற்றொன்று தின்கீர். பயணக்கூட்டம் நேராகத் தோத்ரா மலைப்பிளவுக்கு ஓடும், 300 மீட்டர் செங்குத்துப் பாறை. நீங்கள் ஊருக்குக் கீழே தோப்பில் வாய்க்கால் வரப்பிலேயே இரண்டு மணி நேரம் நடங்கள். கலா ம்கூனாவின் ரோஜா ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடு வரை மட்டுமே. மற்ற மாதத்தில் கடைகளில் இருக்கும் இளஞ்சிவப்புப் பாட்டில் வெறும் நிறம்.

வண்டி, பருவம், சாப்பாடு

ஷகாகாவும் த்ராவின் இடக்கரை மண்பாதையும் தவிர மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சாதாரண வாடகைக் கார் போதும். வலப்பக்கம் ஓட்டும் நாடு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துப் போங்கள். ஊர்நுழைவில் 60 என்ற பலகைக்குப் பின்னால் வேகமானியோடு காவலர் நிற்பார். சோதனைச்சாவடியில் கை அசைக்கும் வரை முழுதாக நிறுத்த வேண்டும். இருட்டிய பின் ஓட்டாதீர்கள், விளக்கில்லாத சைக்கிளும் கழுதை வண்டியும் சாலையில் வரும். பழுதான காருக்கு அருகில் நின்று கையசைத்து, பக்கத்து ஊரில் மெக்கானிக்கிடம் ஒரு சீட்டு மட்டும் கொடுங்கள் என்று கேட்பவரும் த்ரா சாலையில் பழைய கதை. சீட்டு போய்ச் சேரும் இடம் கம்பளக் கடையாக இருக்கும்.

கார் வேண்டாம் என்றால் சிடிஎம் பேருந்து மராக்கேஷிலிருந்து ஸாகோரா வழியாக ம்ஹாமித் வரை போகிறது. ஊருக்கு ஊர் கிராண்ட் டாக்சி: ஆறு பேர் நிறைந்தால் புறப்படும் ஷேர் டாக்சி. இரண்டு இருக்கைக்குக் காசு கொடுத்தால் கால் நீட்டலாம். மாலை நான்குக்கு மேல் ஆள் சேராது. த்ரா வழிக்கு டாக்சி நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் ஊர்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. ரிஸ்ஸானி வட்டத்துக்கும் கத்தாராவுக்கும் சொந்த வண்டி இல்லாமல் நேரம் வீணாகும்.

பணம்: திர்ஹாமை நாட்டுக்குள்தான் மாற்ற முடியும். 2025இல் ஒரு திர்ஹாம் ஒன்பது ரூபாய்க்கு முன்பின் இருந்தது. நம்பகமான ஏடிஎம் தெற்கே ஸாகோராவோடும் கிழக்கே ரிஸ்ஸானியோடும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம்: அக்டோபர், நவம்பர் சிறந்தது. மார்ச், ஏப்ரல் இரண்டாவது, அப்போது மணற்காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கக்கூடும். அந்தக் காற்றில் த்ராவில் இருப்பவருக்கு மூடிய சந்துகளில் வேலை இருக்கும், மெர்ஸூகாவில் இருப்பவர் கூடாரத்துக்குள் பல்லில் மணலோடு உட்கார்ந்திருப்பார். டிசம்பர், ஜனவரி இரவுகள் உறைநிலையைத் தொடும். மண்வீடு குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும் என்பது சூடேற்றிய வீட்டுக்குத்தான் பொருந்தும். முன்பதிவின்போது அறையில் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். கணவாயில் பனி விழுந்தால் மராக்கேஷ் சாலை மூடப்படும், விமானத்துக்கு முதல்நாளே மலையைத் தாண்டிவிடுவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரிக்கு மேல், போகவே வேண்டாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க. காய்கறித் தஜீன் (மூடிய மண்சட்டியில் மெல்ல வேகும் குழம்பு) என்று பட்டியலில் இருந்தாலும் இறைச்சியோடு வேகவைத்து மேலே காயை அடுக்கித் தருவதுண்டு. வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸின் குழம்பும், ஹரீரா சூப்பும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. நம்பிச் சாப்பிடக்கூடியவை: பருப்புக் குழம்பு, வெள்ளைக் காராமணி போன்ற லூபியா, மொச்சையை மசித்த பிஸாரா. ஆர்டர் செய்யும்போதே "ப்லா ல்ஹம், ப்லா மர்கா" என்று சொன்னால் இறைச்சியும் வேண்டாம், அதன் சாறும் வேண்டாம் என்று புரியும். தஜீன் வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். சிற்றூர் விடுதியில் மதியமே சொல்லிவைத்தால் உங்களுக்கென்று தனிச்சட்டி ஏறும். ரிஸ்ஸானியின் மத்ஃபூனா, அதாவது உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பெரிய ரொட்டி, சைவமாக வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லவேண்டும்.

நாள் குறைவாக இருந்தால்

ஆறு இரவு கையில் இருந்தால் த்ரா. எட்டு இருந்தால் ஃபெஸ்ஸில் தொடங்கி ஸீஸ், தின்கீர், ஸ்கூரா, மராக்கேஷ். பெற்றோரை அழைத்துப் போகிறவர் எட்டு இரவு வழியையே எடுங்கள், ஒருநாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகாமல். நான்கு இரவுதான் என்றால் மலையைத் தாண்டி ஐத் பென்ஹத்தூவில் ஒன்று, ஸ்கூராவிலோ அக்த்ஸிலோ இரண்டு, திரும்பும் வழியில் ஒன்று என்று மணல் ஆசையை விட்டுவிட்டுத் திரும்பலாம். ஐத் பென்ஹத்தூவில் இரவு தங்குவது அவசியம். காலை 11 முதல் 3 வரை பேருந்துக்கூட்டம், ஆறு மணிக்குப் பிறகு அந்த மேடு உங்களுக்கு மட்டும்.

மூன்று நாளே விடுமுறை என்றால் மொராக்கோ வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கும் சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் மஸ்கட் இறங்குபவர்களுக்கும் ஓமான் இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா இரண்டு மணி நேரத்துக்குள். பிர்கத் அல் மவ்ஸில் பாழடைந்த மண்ணூருக்குக் கீழே வாழைத்தோட்டமும், 2006இல் யுனெஸ்கோ ஏற்ற ஐந்து ஃபலஜ் வாய்க்கால்களில் ஒன்றும். பஹ்லாவில் பிரம்மாண்டமான பச்சைக்கல் கோட்டை. அல் ஹம்ராவில் இரண்டு மூன்று மாடி மண்வீடுகள், அதற்கு மேலே மலையில் மிஸ்ஃபத் அல் அப்ரியீன். ஃபலஜ் என்பது கத்தாராவின் உடன்பிறப்பு. இங்கே நீர் இன்றும் ஓடுகிறது, அரைமணிக் கணக்கில் முறைவைத்துப் பங்கிடுகிறார்கள். க்ஸாரின் இருண்ட சந்து அனுபவம் இங்கே கிடைக்காது, ஆனால் ஓடும் வாய்க்காலைத் தொட்டுப் பார்க்க இதுவே மேல். நிஸ்வாவின் ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை விடிகாலை, ஒன்பதுக்குள் கலைந்துவிடும். ஆகவே வியாழன் இரவே நிஸ்வாவில் இருங்கள். சிறிய காரில் ஜபல் அக்தர் மலைக்கும் போய்விடலாம் என்று திட்டமிட வேண்டாம். பிர்கத் அல் மவ்ஸ் தாண்டியதும் உள்ள காவல் சாவடியில் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.